நாய் கடித்தால் சட்டப்படி என்ன செய்யலாம்? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கானாடுகாத்தான், அந்தப் பக்கம் ராயவரம், கோனாப்பட்டு என்று எந்த ஊரிலிருந்து நாய்க்கடி வழக்கு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு கிடைக்கும்?" அதற்கு முன்னால் வேறொரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். கடித்த நேரத்தில் அந்த நாய் யாருடைய பொறுப்பில் இருந்தது? வீட்டு நாயா, தெரு நாயா, ஆளில்லாத வீட்டுக்குக் காவல் வைத்த நாயா என்பதைப் பொறுத்து போலீஸுக்குப் போவதா, சிவில் கோர்ட்டுக்கா, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கா என்பது மாறும். கீழே உள்ள பதில்களை அந்தக் கணக்கை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

கடித்தவுடன் போலீஸுக்குப் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா?

ஆஸ்பத்திரிக்குத்தான். அதற்கும் முன்னால் குழாயடிக்கு. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து கட்டுங்கள். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக மரணம்தான், அதற்கு வைத்தியம் கிடையாது. ஆனால் உரிய நேரத்தில் ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு தடவை போக வேண்டும். தசையில் போட்டால் 14-ஆம் நாளும் சேரும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் காயம். அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றியே போடுவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். காயத்துக்கு உடனே தையல் போடச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள். நாய்க்கடியில் முடிந்தவரை தையலைத் தள்ளிப்போடுவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது.

சட்டத்துக்கும் இந்த ஊசிச் சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. பின்னால் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும், கடித்த தேதிக்கும் காயத்துக்கும் முதல் சாட்சி அந்த ஓ.பி. சீட்டுதான். டாக்டரிடம் சொல்லும்போது "நாய் கடித்தது" என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தெரு, எத்தனை மணி, யார் வீட்டு நாய் அல்லது தெரு நாய் என்று சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே பதியச் சொல்லுங்கள். "ஏ.ஆர். காப்பி" என்று வக்கீல்கள் கேட்பது அந்தப் பதிவைத்தான். முதல் நாள் "தெரு நாய்" என்று பதிந்துவிட்டு, ஒரு வாரம் கழித்து "அடுத்த வீட்டு நாய்" என்று புகார் கொடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரியே போதும்.

வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

காயத்தின் படம், கழுவிய பிறகு ஒன்று, அடுத்த சில நாள்களில் சில. கிழிந்த வேட்டி, சுடிதார் எதுவாக இருந்தாலும் துவைக்காமல் பையில் போட்டு வையுங்கள். நாயின் படம், அது எந்த வீட்டுக்குள் போகிறது என்பதோடு சேர்த்து. தெருவில் கேமரா இருந்தால் அன்றைக்கே கேளுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துவிடும். பார்த்தவர்கள் பேர், போன் நம்பர். மருந்துக் கடை பில், ஆட்டோ வாடகை, வேலைக்குப் போகாத நாள்களுக்கு முதலாளி தரும் கடிதம்.

ரொம்ப முக்கியமான ஆதாரம் ஒன்றுண்டு, அதை யாரும் நினைப்பதில்லை. இதே நாய் இதற்கு முன் யாரையாவது கடித்திருக்கிறதா என்று தெருவில் விசாரியுங்கள். நாயின் குணம் தெரிந்தும் உரிமையாளர் சும்மா இருந்தார் என்று காட்ட முடிந்தால் வழக்கின் பலமே வேறு. "போன வருஷம் பால்காரரையும் கடிச்சுச்சு" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பால்காரரைத் தேடிப் பிடியுங்கள்.

வளர்ப்பு நாய் கடித்தால் எந்தச் சட்டம்?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 291-ஆம் பிரிவு: தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்றிருக்க, அதைத் தடுக்கத் தெரிந்தோ அசட்டையாகவோ தவறியவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் இது 289. அப்போது அபராதம் 1,000 ரூபாய்தான்.

இதோடு 125-ஆம் பிரிவையும் சேர்க்கலாம். அசட்டையான செயலால் காயம் ஏற்பட்டால் 6 மாதம் வரை, கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்பது வெறும் வருணனை இல்லை, சட்டத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். எலும்பு முறிவு, முகத்தில் நிரந்தர வடு, பார்வை இழப்பு போன்றவை வரும். காயத்தால் 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ, அன்றாட வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் வரும். ஆகவே எத்தனை நாள் படுக்கையில் இருந்தீர்கள் என்பதை டாக்டர் எழுதித் தருவது அவசியம். உயிர் போய்விட்டால் 106-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை.

போலீஸ் வழக்கு என்பது தண்டனைக்கு. தண்டனை கொடுக்கும்போது மாஜிஸ்திரேட் உங்களுக்கு இழப்பீடும் சேர்த்து உத்தரவிடலாம். ஆனால் பெரிய தொகைக்கு அதையே நம்பிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு சிவில் வழக்குதான்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். நாய் வாட்ச்மேன் பொறுப்பில். யார் மேல் புகார் கொடுப்பது?

நம் பக்கத்துக்கே உரிய கேள்வி இது. தெருவுக்குப் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டுக்கு ஒரு வாட்ச்மேன், அவரோடு ஒரு நாய். சாயங்காலம் அவர் டீ குடிக்கப் போகிறார், கதவு சாத்தவில்லை, நாய் தெருவுக்கு வந்துவிடுகிறது.

291-ஆம் பிரிவில் "உரிமையாளர்" என்ற பேச்சே இல்லை. "தன் வசம் உள்ள விலங்கு" என்றுதான் இருக்கிறது. ஆகவே வாட்ச்மேன் மேல் குற்ற வழக்கு நிற்கும். அதற்காக வீட்டுக்காரர் தப்பித்துவிட முடியாது. சிவில் சட்டத்தில், வேலைக்காரர் வேலையின்போது செய்த அசட்டைக்கு முதலாளி பொறுப்பு. நாயை வாங்கி வைத்தவர், தீனிக்குப் பணம் அனுப்புகிறவர், கட்டிப்போடச் சங்கிலியோ கூண்டோ செய்து கொடுக்காதவர் அவர்தான். புகாரில் இரண்டு பேரையும் எழுதுங்கள். நோட்டீஸை வெளிநாட்டு முகவரிக்கும் இங்குள்ள வீட்டு முகவரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல் பங்காளிகள். வளவு வீட்டில் ஏழெட்டுப் பேருக்குப் பங்கு இருக்கும். "எனக்குப் பங்குதான் இருக்கு, நாய் என்னோடது இல்லை" என்பார்கள். நியாயமான பதில்தான். வீட்டுப் பத்திரத்தில் யார் பேர் இருக்கிறது என்று தேடுவதை விட, வாட்ச்மேனுக்குச் சம்பளம் யார் கணக்கிலிருந்து போகிறது என்று பாருங்கள். நாய் யாருடைய ஏற்பாடு என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஐந்நூறு, ஆயிரம் சம்பளத்தை எண்ணி வாங்குகிற வாட்ச்மேனை மட்டும் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு வழக்கை முடிப்பது நடக்கிற கதை. அதற்கு நீங்கள் இடம் கொடுக்காதீர்கள்.

வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு இருந்தது. அவர்கள் மேல் தப்பில்லையாமே?

போர்டு ஓரளவுக்கு உதவும், முழுக்கவசம் ஆகாது. சுவரேறிக் குதித்தவரைக் கடித்தால் போர்டு பேசும். தபால்காரர், கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர், மொய் எழுதின வீட்டுக்குப் பந்தி சாப்பிட வந்தவர் இவர்களெல்லாம் அனுமதியோடு உள்ளே வருபவர்கள். இவர்கள் வருவார்கள் என்று தெரிந்து நாயைக் கட்டுவது வீட்டுக்காரர் கடமை. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்குப் போர்டால் என்ன பயன்?

செட்டிநாட்டு வீட்டுக்கு இன்னொன்றும் உண்டு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். போர்டு முகப்பில் தொங்கும், நாய் பின்கட்டு வழியாக வந்து கடிக்கும். இரண்டு வாசலையும் படம் எடுத்து வையுங்கள்.

நீங்கள் நாயைச் சீண்டினீர்களா, தின்னும்போது கிட்டப் போனீர்களா என்றும் கேட்பார்கள். அப்படி ஏதும் இருந்தால் தொகை குறையும். உண்மையைச் சொல்லிவிடுங்கள், குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் மொத்தமும் போய்விடும்.

"நாய் கடிச்சதுக்கெல்லாம் கேஸா?" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

291 பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டியது அவர்கள் கடமை, அதன் நகல் உங்களுக்கு இலவசம். வழக்கமாக முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான் (புகார் பெற்றதற்கான சீட்டு) தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எஃப்.ஐ.ஆர். மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 173(4) இதைத்தான் சொல்கிறது.

புகாரை நீட்டி முழக்க வேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்: "இன்ன தேதி மாலை 6.15 மணிக்கு இன்ன தெருவில் கடைக்கு நடந்து போனபோது, கதவு எண் இன்னதில் வசிக்கும் இன்னார் வளர்க்கும் பழுப்பு நிற நாய் சங்கிலியோ வாய்மூடியோ இல்லாமல் வெளியே வந்து என் வலது கெண்டைக்காலில் கடித்தது. இதே நாய் முன்பு இன்னாரையும் கடித்துள்ளது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன், சீட்டு நகல் இணைத்துள்ளேன். பிரிவு 291, 125-இன் கீழ் நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்." கோபத்தில் நாய்க்காரரின் குலம் கோத்திரமெல்லாம் எழுத வேண்டாம், புகார் கனம் குறைந்துவிடும்.

பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது நத்தம் பக்கத்தில் கடித்தது. திரும்பி அங்கேதான் போக வேண்டுமா?

வேண்டாம். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் எஃப்.ஐ.ஆர். பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். ஊசியும் அப்படித்தான். முதல் ஊசியை வழியில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிட்டு, அட்டையை வைத்து அடுத்ததை எந்த அரசு மருத்துவமனையிலும் போடலாம். காவடி எடுத்திருக்கிறேன், பழனி போய்த்தான் ஊசி என்று தள்ளிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். முருகனே வந்து சொன்னாலும் ஊசி தள்ளிப்போகக் கூடாது.

தெரு நாய் கடித்தால் யாரைப் பிடிப்பது?

இதுதான் கஷ்டமான கேள்வி, பெரும்பாலான கடியும் இந்த வகைதான்.

2023 மார்ச்சில் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போடும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்பினுடையது. காரைக்குடி என்றால் இப்போது மாநகராட்சி, தேவகோட்டை என்றால் நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்றால் பேரூராட்சி, மற்ற கிராமங்களுக்கு ஊராட்சி. அந்தக் கடமையில் தவறியதால்தான் உங்களுக்குக் காயம் என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. கடிக்கும் முன்பே தெருக்காரர்கள் கொடுத்த மனுக்கள், அவற்றுக்கான ரசீது, முதல்வரின் முகவரி 1100-இல் பதிந்த புகார் எண், சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு, இவையெல்லாம் அந்த வேலைக்குத்தான். "மனு கொடுத்து என்ன ஆகப்போகுது" என்று யாரும் கொடுப்பதில்லை. நாய் போகாவிட்டாலும், நாளைக்கு யாரையாவது கடித்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று அலுவலகம் சொல்ல முடியாதபடி அந்த மனு நிற்கும்.

உச்ச நீதிமன்றம் 2025-இல் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் மூன்று உத்தரவுகள் வந்தன. ஆகஸ்ட் 11 உத்தரவு டெல்லி தலைநகர் வட்டாரத்துத் தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் ஆக்ரோஷமானதையும் விடக்கூடாது, குறித்த இடத்தில்தான் தீனி போட வேண்டும் என்றார்கள். வழக்கையும் நாடு முழுக்க விரித்தார்கள். நவம்பர் 7 உத்தரவுதான் நமக்கு ரொம்பப் பயன்படும். பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் இவற்றிலிருந்து தெரு நாய்களை அகற்ற வேண்டும், திரும்ப அங்கேயே விடக்கூடாது, மருத்துவமனைகளில் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். ஆகவே பஸ் ஸ்டாண்டிலோ பள்ளி வளாகத்திலோ கடித்திருந்தால், இந்த உத்தரவுக்குப் பிந்தைய தேதி என்றால், நோட்டீஸில் அதைத் தவறாமல் குறிப்பிடச் சொல்லுங்கள்.

எங்கே வழக்குப் போடுவது? சிவில் கோர்ட்டில் இழப்பீடு கேட்கலாம். உள்ளாட்சியின் கடமைத் தவறு அப்பட்டமாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் ரிட் மனுவும் (அரசு அமைப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரே போடும் மனு) போடலாம். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டமும் மதுரைக் கிளைக்குள்தான் வருகின்றன. அடிப்படை உரிமை மீறலுக்கு ரிட்டிலேயே இழப்பீடு தரலாம் என்று 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் "நாயே கடிக்கவில்லை", "எங்கள் எல்லையில் இல்லை" என்று எதிர்த்தரப்பு உண்மைகளையே மறுத்தால், சிவில் கோர்ட்டுக்குப் போ என்று திருப்பிவிட வாய்ப்பு அதிகம். சின்னக் காயத்துக்கு மதுரை வரை போவது, என் அபிப்பிராயத்தில், வீண் அலைச்சல். உயிரிழப்பு, குழந்தைக்கு முகச் சிதைவு போன்றவற்றுக்கு அதுதான் சரியான வழி.

உள்ளாட்சி எதுவும் செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் நாய் பிடிக்கவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணமாக இருப்பதைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் இன்றுவரை எத்தனை நாய்களுக்குக் கருத்தடை நடந்தது, எந்தத் தேதியில், எங்கே? இதற்கு ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கிய தொகை, செலவான தொகை என்ன? இன்ன தெருவிலிருந்து வந்த நாய்ப் புகார்களின் நகலும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையும்? "கருத்தடை எண்ணிக்கை: இல்லை" என்று கையெழுத்தோடு ஒரு பதில் வந்தால், அதைவிட நல்ல சாட்சியம் உங்களுக்குக் கிடைக்காது.

பல் ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

தீர்ப்பு உண்மை. 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது. பல் தடம் ஒன்றுக்குக் குறைந்தது 10,000, சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20,000. ஆனால் அது அந்த இரு மாநிலங்களுக்கும் சண்டிகருக்கும். தமிழ்நாட்டுக் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. நம் வக்கீல் அதை எடுத்துக்காட்டி "அங்கே இப்படிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று வாதாடலாம், அவ்வளவுதான். மறுநாள் காலையில் நகராட்சி வாசலில் போய் பல்லை எண்ணிக் காட்டினால் செக் தரமாட்டார்கள்.

அப்படியானால் தொகையை எப்படிக் கணக்கிடுவார்கள்?

செலவான பணம் ஒரு பக்கம்: மருந்து, போக்குவரத்து, இழந்த கூலி, கூட இருந்து பார்த்தவர் இழந்த கூலி. கண்ணுக்குத் தெரியாதது இன்னொரு பக்கம்: வலி, வடு, பயம், இனிமேல் தேவைப்படும் சிகிச்சை. ஊனம் ஏற்பட்டிருந்தால் மருத்துவக் குழு தரும் சதவீதச் சான்றிதழ் வேண்டும். சிவில் வழக்குக்குத் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். ஆகவே வாய்க்கு வந்த தொகையைக் கேட்டுவிடாதீர்கள். கட்டவே முடியாத நிலை என்றால், ஏழை மனுதாரராக அனுமதி கேட்டு மனுப் போடலாம்.

கடிபட்டது குழந்தை. ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. தாயோ தந்தையோ குழந்தை சார்பில் வழக்குப் போடலாம். காலக்கெடுவும் குழந்தைக்கு 18 வயது ஆன பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அதற்காக அதுவரை காத்திருப்பது மடத்தனம், சாட்சி யாரும் மிஞ்சமாட்டார்கள். வழக்கு நடக்கும்போது குழந்தை சார்பில் சமரசம் செய்ய கோர்ட் அனுமதி கட்டாயம். வரும் பணத்தையும் பெரும்பாலும் குழந்தை பேரில் வங்கியில் போடச் சொல்வார்கள்.

குழந்தைகள் பல சமயம் கடியை வீட்டில் சொல்வதே இல்லை. திட்டு விழும் என்ற பயம். சின்னக் கீறல் என்றாலும் கேட்டுப் பாருங்கள்.

எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

நாய் வளர்த்தவர் மேல் இழப்பீட்டு வழக்கு என்றால் பொதுவாக 3 ஆண்டு. உள்ளாட்சி மேல் என்றால் "சட்டக் கடமை சம்பந்தப்பட்டது, ஓராண்டுதான்" என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது. ஆகவே ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள். அரசு மேல் வழக்குப் போடுமுன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். கடிபட்டவர் இறந்துவிட்டால் குடும்பத்தார் இறந்த தேதியிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

வேலைக்குப் போன இடத்தில் கடித்தது. சிலிண்டர் போடுகிறேன்.

வேலையின்போது, வேலை காரணமாக ஏற்பட்ட காயம் என்றால் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் வழி (2025 நவம்பர் வரை 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்) முதலாளியிடமும் கேட்கலாம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அந்த வழி. நாய்க்காரர் மேல் போலீஸ் புகார் தனி, அதற்கும் இதற்கும் தடையில்லை. ஏஜென்சியில் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னதைப் பின்னால் "சொல்லவே இல்லை" என்பார்கள்.

பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். தங்க வந்த உறவினரை அங்குள்ள நாய் கடித்துவிட்டது.

காசு கொடுத்துத் தங்கியவர் நுகர்வோர். பாதுகாப்பான இடம் தருவது சேவையில் அடக்கம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் போடலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். கொடுத்த வாடகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. உறவினர் சென்னைவாசி என்றால் அங்கேயே போடலாம். அறை பில்லைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

நாய் குறுக்கே வந்து பைக்கிலிருந்து விழுந்தேன்.

தெரு நாய் என்றால் இதுவும் உள்ளாட்சியின் கடமைத் தவறு என்ற வழிதான். வண்டி இன்சூரன்ஸில் உள்ள 15 லட்சம் ரூபாய் சொந்த விபத்துக் காப்பீடு, ஓட்டிய உரிமையாளரின் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். கை சிராய்ப்புக்கு வராது.

அந்த நாயை அடித்துக் கொன்றுவிட்டால்? விஷம் வைத்தால்?

கடிக்க வரும்போது தடியால் அடித்து உயிரைக் காப்பாற்றிக்கொள்வது வேறு. பிறகு போய்ப் பழிவாங்குவது குற்றம். விலங்கைக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. கடித்த நாயை வளர்த்தவர் மேல் உள்ள 291-ஆம் பிரிவுக்கு 6 மாதம், நாயைக் கொன்றவருக்கு 5 ஆண்டு. கசப்பாக இருந்தாலும் நிலவரம் இதுதான். தவிர, கடித்த நாயை 10 நாள் கவனித்தால் அதற்கு வெறி இருந்ததா என்று தெரியும். அதைக் கொன்றால் அந்த வழியும் அடைபடும். ஊசியை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம், அது பாட்டுக்குத் தொடரட்டும்.

முறையான வழி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்படி, ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கவோ அப்புறப்படுத்தவோ நிர்வாக நடுவர் (கோட்டாட்சியர் போன்ற அதிகாரி) உத்தரவிடலாம். காரைக்குடி வட்டத்துக்குத் தேவகோட்டை கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். திரும்பத் திரும்பக் கடிக்கும் வீட்டு நாய்க்கு, கோர்ட்டில் வருஷக்கணக்கில் நிற்பதை விட இது சீக்கிரம் பலன் தரும்.

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கச் சொல்கிறார்கள். முடிக்கலாமா?

தாராளமாக. எதிரும் புதிருமாக ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒரே கோயிலில் வரி கொடுத்துக்கொண்டு, பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைவதில் யாருக்கு லாபம்? ஆனால் ஊசி எல்லாம் முடிந்து, காயம் ஆறி, மொத்தச் செலவு தெரிந்த பிறகு முடியுங்கள். கடித்த மறுநாளே, நாய்க்கார வீட்டு ஆச்சி வந்து இரண்டாயிரம் ரூபாயைக் கையில் திணித்துக் கண்ணைக் கசக்கினால் மனசு இளகும்தான். "இப்போதைக்கு மருந்துச் செலவுக்கு வாங்கிக்கிறேன் ஆச்சி, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிடுங்கள். வாங்கியதைத் தாளில் எழுதுங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். ஏற்கெனவே பதிவாகிவிட்டால், "சமாதானம் ஆயிட்டோம்" என்று ஸ்டேஷனில் சொன்னதோடு வழக்கு மூடிவிடாது. இழப்பீட்டுப் பேச்சை மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பது நல்லது. கட்டணம் இல்லை, அங்கே எழுதும் முடிவுக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடும் கிடையாது.

ஆட்டைக் கடித்துக் கொன்றுவிட்டது. அதற்கு ஏதும் உண்டா?

தெரு நாய் கடித்து இறந்த கால்நடைக்கு இழப்பீடு தருவதாக 2025-இல் தமிழக அரசு அறிவித்தது, காங்கேயம் பக்கத்து விவசாயிகள் விடாமல் போராடியதன் பலன். இறந்த ஆட்டைப் புதைக்குமுன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுச் சான்றிதழ் வாங்குங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவியுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட, வட்டச் சட்டப் பணிகள் குழுக்கள் கோர்ட் வளாகத்திலேயே இயங்குகின்றன. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டும் கேட்கலாம், கட்டணம் இல்லை. போகும்போது ஓ.பி. சீட்டு, ஊசி அட்டை, காயப் படங்கள், சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். நகல், பில்கள், ஆதார் எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.